ஸ்டார்மான்ட் சட்டமன்றத்தின் 90 உறுப்பினர்களுக்கு

மதிப்பிற்குரிய வட அயர்லாந்து சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

2007 மார்ச் 26 அன்று எடுத்த படம் ஒன்று உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்ற ஒன்றியவாதத் தரப்பின் இயன் பெய்ஸ்லியும், அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற தேசியவாதத் தரப்பின் ஜெர்ரி ஆடம்ஸும் ஒரே மேசையில். எதிரெதிரே உட்கார்ந்தால் பகையாளிகள் போலத் தெரியும், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் கூட்டாளிகள் போலத் தெரியும். அதனால் மேசைகளை வைர வடிவில் சேர்த்துப் போட்டு, ஒரு முனையின் இரண்டு பக்கமும் உட்கார வைத்தார்கள். அந்த மே மாதமே பெய்ஸ்லி முதலமைச்சர், தேசியவாத ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வின் தளபதியாக இருந்த மார்ட்டின் மெக்கின்னஸ் துணை முதலமைச்சர். இரு தரப்பு மோதலில் 3,500க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த மண்ணில் இது நடந்தது. இன்று நினைத்தாலும் மனசு நெகிழ்கிறது.

அந்த மேசையை இரண்டு தரப்பும் மாறி மாறிக் காலி செய்ததுதான் என் வருத்தம்.

முதலமைச்சர், துணை முதலமைச்சர் இரண்டு பதவிக்கும் சம அதிகாரம்; ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் போய்விடும். 2017இல் தேசியவாதத் தரப்பு விலகியது, மூன்று வருடம் ஆட்சி இல்லை. 2022இல் ஒன்றியவாதத் தரப்பு விலகியது, சபாநாயகரைக்கூடத் தேர்ந்தெடுக்க விடவில்லை, இரண்டு வருடம் போனது. 2024 ஜனவரிக் குளிரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தபோது, கேட்க ஒரு அமைச்சர் இல்லை.

பெல்ஃபாஸ்ட் பம்பாய்த் தெருவில் வீடுகளின் பின்புறத்தைப் பாருங்கள். இரு தரப்புக் குடியிருப்புகளையும் பிரிக்கும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கல் விழும் என்று கம்பி வலையால் கூண்டு கட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட சுவர்களையெல்லாம் 2023க்குள் அகற்றுவோம் என்று 2013இல் உங்கள் அரசு வாக்குக் கொடுத்தது. அந்தப் பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதிக் காலம் முழுமையான அமைச்சரவையே இல்லை. அப்புறம் சுவர் எப்படி இறங்கும்?

இரு தரப்பும் சேர்ந்து ஆளும் அதிகாரப் பகிர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1921 முதல் 1972 வரை ஒன்றியவாதக் கட்சி ஒன்றே ஆண்டதன் விளைவை எல்லோரும் அனுபவித்துவிட்டோம். பகிர்வு இருக்கட்டும். ஒரு கட்சி வர மறுத்தால், அடுத்த பெரிய கட்சி அந்த இடத்துக்கு வர வழி இருக்க வேண்டும். இரண்டு தரப்பிலும் சேராமல் 'மற்றவர்' என்று பதிந்துகொண்ட உறுப்பினர்களின் ஓட்டுக்கும் முழு மதிப்பு வேண்டும். முக்கியத் தீர்மானங்களுக்கு இரு தரப்பிலும் தலா 40 சதவீத ஆதரவு வேண்டும் என்று வரும்போது அவர்கள் ஓட்டு எந்தப் பக்கக் கணக்கிலும் சேர்வதில்லை. அவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களும் இந்த மண்ணின் குடிமக்கள்தானே!

சட்டத்தைத் திருத்துவது லண்டன் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது என்பீர்கள். சரி, ஆனால் 2006இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் கட்சிகள் கூடிப் பேசித்தானே முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறியது? 2027 தேர்தலுக்கு முன்பே, எல்லோரும் அவையில் இருக்கும் இந்த நாட்களிலேயே, சேர்ந்து கேளுங்கள்.

அக்கறையுடன்,
ஒரு வாக்காளர்