ட்ரோன் மருந்தடிப்பு, வரும் ஞாயிறு காலை

அண்ணன்மார்களுக்கு வணக்கம். வாய்க்காலுக்குக் கிழக்கே சம்பாவில் இலைச்சுருட்டுப்புழு இறங்கிவிட்டது. நேற்று நான்கு வயலில் இறங்கிப் பார்த்தேன், இலை நீளவாக்கில் சுருண்டு, பிரித்தால் உள்ளே பச்சையைச் சுரண்டித் தின்று வெள்ளைக் கோடாகக் கிடக்கிறது.

ஞாயிறு காலை 6 மணிக்கு ட்ரோன் வருகிறது. ஏக்கருக்கு 10 லிட்டர் தண்ணீர்தான், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தண்ணீர் குறைவு என்பதற்காக மருந்தைக் கூட்டிவிட வேண்டாம், ஏக்கருக்கு டப்பாவில் போட்டிருக்கிற அளவேதான். தூள் மருந்தாக இருந்தால் வாளியில் நன்றாகக் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டிக் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் ட்ரோனின் நாசில் (தெளிப்பு முனை) அடைத்துக்கொண்டு எல்லோருக்கும் நேரம் போகும்.

காற்று எழுந்தால் நிறுத்திவிடுவோம், இதில் யாரும் வருத்தப்படக் கூடாது. போன குறுவையில் களைக்கொல்லி 2,4-டி காற்றில் பறந்து பக்கத்துப் பருத்தியில் பட்டு, இலையெல்லாம் விரல் விரலாகச் சூம்பிப் போனதை மறக்க முடியவில்லை. அதனால் பக்கத்தில் மீன் குட்டை, தேனீப் பெட்டி, காய்கறி வைத்திருப்பவர்கள் இன்றே சொல்லுங்கள், அந்த ஓரத்தைக் கைத்தெளிப்பானில் அடித்துக்கொள்ளலாம்.

அப்புறம், உளுந்துக்கு 2 சதவீத டிஏபி உரக் கரைசலையும் ட்ரோனிலேயே அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஏக்கருக்கு 4 கிலோவை 10 லிட்டரில் கரைத்தால் பயிர் கருகிவிடும், அதற்கு 200 லிட்டர் தண்ணீரும் விசைத்தெளிப்பானும்தான் சரி.

வெள்ளிக்கிழமை இரவுக்குள் பெயர், எத்தனை ஏக்கர், என்ன மருந்து என்று இங்கேயே போட்டுவிடுங்கள். வயலுக்கு மேலே மின்கம்பி போனால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.