சேர ஆளில்லை என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் சனசமூக நிலையம் ஒன்றின் ஆண்டு விழாச் செய்தி படத்தோடு வந்திருந்தது. பிரதம விருந்தினர் பேசியதாக அதில் ஒரு வரி: "புதியவர்களுக்கு எங்கள் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது, சேரத்தான் ஆளில்லை." வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன். மத்தியானம் அரிசி களையும்போதும் அந்த வரிதான் மனதில் நின்றது. இரவு நித்திரை வராமல் எழும்பி இதை எழுதுகிறேன்.

சேர ஆள் இருக்கிறது ஐயா. நான் இருக்கிறேன். மூன்று முறை போய்க் கேட்டிருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், அதாவது அரசாங்க மருத்துவிச்சி. ஊரார் மிஸி என்று கூப்பிடுவார்கள். இப்போது நான் குடியிருக்கும் கிராமத்துச் சனசமூக நிலையத்தில்தான் இருபது வருடத்துக்கு மேல் மாதாமாதம் கிளினிக் வைத்தேன். மண்டபத்து வளையில் ஒரு இரும்புக் கொளுக்கி உண்டு. அதில் தராசைக் கொழுவி, பிள்ளைகளைத் துணிப் பைக்குள் இறக்கி நிறுப்போம். அழுது காலை உதைக்கிற பிள்ளை என்றால் தராசு முள் ஒரு இடத்தில் நிற்காது. தாய்மார் கையைத் தட்டி வேடிக்கை காட்டுவார்கள். அந்தக் கொளுக்கி துருப்பிடித்து இன்றும் அங்கேயே இருக்கிறது. அங்கத்துவப் படிவம் கேட்கப் போன அன்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த செயலாளர் தம்பியும் அதில் தொங்கி அழுத பிள்ளைதான். மரியாதையான பிள்ளை, எழும்பிக் கதிரை எடுத்துப் போட்டார். பிறகு கேட்டார்: "மிஸி, உங்கட சொந்த ஊர் மயிலிட்டி எல்லே?"

ஓம், மயிலிட்டிதான். 1990 யூனில் யுத்தத்தால் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. 2017இல் துறைமுகத்தை விடுவித்தார்கள், எங்கள் காணி இன்னும் வரவில்லை. 1996இலிருந்து இந்தக் கிராமத்தில் இருக்கிறேன். வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறது, பங்கீட்டு அட்டையும் இங்கேதான் எடுத்தோம். ஆனாலும் நாங்கள் "இடம்பெயர்ந்து வந்த ஆக்கள்". எந்த ஊர் என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பத்திரிகை நடத்தும் உங்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

முதல்முறை படிவம் முடிந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் முறை தலைவர் கொழும்புக்குப் போயிருந்தார். மூன்றாம் முறை, "பெண்களுக்கு மாதர் சங்கம் இருக்குத்தானே, அங்க சேருங்கோ" என்று ஒருவர் சொன்னார். அவரைத் திட்ட மனம் வரவில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் வெளிநாடுகளில் உருவான லயன்ஸ் கழகம் 1987இலும் றோட்டரி 1989இலும் பெண்களைச் சேர்க்க முடிவெடுத்துவிட்டன. எங்கள் நிலையத்து நிர்வாக சபையில் எனக்குத் தெரிய ஒரு பெண்ணும் இருந்ததில்லை. கூட்டத்துக்குத் தேத்தண்ணி ஊற்றுவது மட்டும் பெண்கள்.

பொதுக்கூட்ட அறிவித்தலை எங்கே ஒட்டுகிறார்கள் தெரியுமா? வாசிகசாலைக்கு உள்ளே, கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில். வாசிகசாலை பின்னேரம் ஒரு மணித்தியாலம்தான் திறக்கும். திறப்பு இருப்பவர் வேலைக்குப் போனால் அதுவும் இல்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள். கூட்டம் முடிந்த பிறகு, நடந்ததாக எங்களுக்குத் தெரியவரும்.

இருபத்தைந்து வருடமாக ரொறன்ரோவில் இருப்பவர் நிலையத்தின் போசகர். நிலத்துக்கு மாபிள் பதிக்கக் காசு அனுப்பினார், பெயர் சுவரில் இருக்கிறது. அதற்கு நான் எதிர்ப்பில்லை, நன்றியும் உண்டு. ஆனால் அந்த மாபிளில் தினமும் கால் வைக்கிறவர்கள் இந்த ஊரில் அல்லவா இருக்கிறோம்? பிரதேச சபையில் பதிவு செய்த நிலையம் அது. டெங்குச் சிரமதானம் என்றால் விடிய ஆறு மணிக்கு எங்கள் படலையில் தட்டுகிறார்கள். மண்வெட்டியோடு போகிறோம். அன்று யாரும் ஊர் கேட்பதில்லை.

1995 ஐப்பசியில் யுத்தத்தால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் நடந்து தென்மராட்சிக்குப் போனவர்களில் நானும் ஒருத்தி. மட்டுவிலில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் பதினொரு குடும்பம் படுத்தோம். புத்தக அலுமாரிகளைச் சுவரோடு தள்ளி எங்களுக்கு இடம் விட்டார்கள். கொப்பியும் பேனையுமாக ஒரு பெரியவர் வந்து, எத்தனை பேர், பால்குடிப் பிள்ளை இருக்கா என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். இரண்டு கிழமையில் அந்த நிலையத்தின் வேலைகளில் நாங்களும் ஆளுக்கொரு பொறுப்பு எடுத்துவிட்டோம். அவ்வளவு பெரிய இடரில் முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எப்படித் தொடங்கியது என்பதும் உங்களுக்குத் தெரியும். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலிருந்த நூல்களை மற்றவர்களுக்கு இரவல் கொடுத்தார். சொந்த வீட்டையே அப்படித் திறந்துவிட்ட ஊர் இது.

நான் கேட்பது பதவி இல்லை. பின்னேரத்தில் வாசிகசாலையைத் திறந்து வைத்திருக்க என்னால் முடியும். கர்ப்பிணிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பற்றிச் சொல்லிக் கொடுக்க முடியும். சீனி வருத்தக்காரருக்கு மாதம் ஒருமுறை இரத்தம் பார்த்துவிட முடியும். என் மகனும் அவனுடைய சிநேகிதர்களும் இரத்ததானம் செய்யக் காத்திருக்கிறார்கள். அவர்களும் இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள்தான். அவர்களிடமும் "அப்பாட ஊர் எது" என்றுதான் கேட்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஞாயிறு இதழில் ஒரு சிறு பெட்டியில், குடாநாட்டுச் சனசமூக நிலையங்களின் பொதுக்கூட்டத் திகதியையும் படிவம் யாரிடம் வாங்கலாம் என்பதையும் கட்டணம் இல்லாமல் போடுங்கள். நிலையங்கள் அனுப்பாவிட்டால் பிரதேச சபைகளிடம் கேட்டு வாங்குங்கள். எங்கள் நிலையத்தின் கூட்டம் தைப்பொங்கலுக்குப் பிறகு என்று கதை அடிபடுகிறது. திகதி தெரிந்தால் நான் போவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
வலிகாமம்.