வருத்தம்னா கவலையும் இல்ல, காய்ச்சலும் இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை பேப்பர்ல பைபிள்ல வர்ற மத்தேயு 11:28 பத்தி ஒரு சிந்தனை போட்டிருந்தீங்க, "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே"ன்னு இயேசு எல்லாரையும் தன்கிட்ட கூப்பிட்டு இளைப்பாறுதல் தருவேன்னு சொல்வாரே அந்த வசனம். எழுதினவர் முழுக்க மனக்கவலை, கண்ணீர்னே கொண்டு போயிட்டாரு. எங்க பக்கம் வருத்தம்னா நோய்தான், எங்க அம்மாயி கடைசி வரைக்கும் இது சீக்காளிங்களுக்கு சொன்ன வசனம்னே நெனச்சிக்கிட்டு டிஸ்பென்சரிக்கு போறப்பல்லாம் முணுமுணுத்துக்கிட்டே போகும். ரெண்டுமே இல்லைங்க.

புதிய ஏற்பாட்டோட மூல மொழியான கிரேக்கத்துல அங்க இருக்கிறது கொப்பியாஓங்கிற வினைச்சொல், வேலை செஞ்சு செஞ்சு ஒடம்பு விட்டுப்போறது. ராமுழுக்க வலை போட்டும் ஒண்ணும் அகப்படலன்னு பேதுரு சொல்ற லூக்கா 5:5லயும் இதேதான். அதுக்காக மொழிபெயர்த்தவங்க மேல குத்தம் சொல்ல முடியாது, பழைய தமிழ்ல வருத்தம்னா பாடுபடுறதுதானே, ஸ்கூல்ல படிச்ச குறள் 619 "மெய்வருத்தக் கூலி தரும்"னு சொல்லுதே அந்த வருத்தம். நம்ம பேச்சுதான் மாறிப்போச்சு.

பாரஞ்சுமக்கிறவங்கன்னு படிச்சா அவங்களே தூக்கி வச்சிக்கிட்ட மாதிரி இருக்கு. மூலத்துல பெபோர்திஸ்மெனொய், அத பொதுவா செயப்பாட்டு வினையாத்தான் எடுக்கிறாங்க, சுமை ஏத்தப்பட்டவங்கன்னு. அப்ப ஏத்தினது யாரு? இந்த வினைச்சொல் புதிய ஏற்பாட்டுல இன்னும் ஒரே ஒரு எடத்துலதான் வருது, லூக்கா 11:46, சுமக்க ஏலாத சுமைய ஜனங்க மேல ஏத்துறீங்க, நீங்க ஒரு வெரலால கூட தொடுறதில்லன்னு நியாயசாஸ்திரிமார இயேசு ஏசுற எடம். எங்க தேயிலைத் தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற மடுவத்துல சாக்குக்கு, தண்ணிக்குன்னு கிலோ வெட்டிட்டு அப்புறம் கொறஞ்சிருக்குன்னு அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடுறவங்க அந்தக் கொழுந்துச் சாக்க ஒரு நாளாவது தலையில மாட்டிப் பாத்திருப்பாங்களா? அடுத்த தடவ சிந்தனை எழுதுறவர இதையும் கொஞ்சம் தொடச் சொல்லுங்க.

மத்தேயு அதே அதிகாரத்து 30ஆவது வசனத்துல "என் நுகம் மெதுவாயும்"னு வருது. நான் ஓய்வுநாள் பள்ளியில படிச்சுக்குடுக்கிறப்ப ஒரு பொடியன் "ஸ்லோவா போகுமா டீச்சர்"னு கேட்டான், சிரிப்ப அடக்க முடியல. கிரேக்கத்துல க்ரேஸ்டோஸ், நல்லது, இதமானதுன்னு அர்த்தம், லூக்கா 5:39ல பழைய திராட்சரசத்துக்கு சொல்றதும் அந்தச் சொல்தான். மெதுன்னா மிருதுன்னு அவனுக்கு சொல்லிக்குடுத்தேன்.

இன்னொண்ணு சொல்லாம விட மனசில்ல. சமாரியாவுல இயேசு நடந்து களைச்சு கிணத்தடியில உக்காந்தாருன்னு யோவான் 4:6ல இருக்கே, அங்க களைச்சதுக்கும் கொப்பியாஓதான். நேரம் ஆறாம் மணின்னு போட்டிருக்கு, அதாவது பகல் பன்னெண்டு. எங்க மலையில பகல் கொழுந்து நிறுக்க எறங்குற நேரம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தலவாக்கலை