ரம்பத்தை உள்ளே வை, மகளே

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. புது வீட்டின் பின்புறத்தில் பழைய செர்ரி மரம் ஒன்று நிற்கிறது என்றாய், அவ்வளவு மகிழ்ச்சி. இலையெல்லாம் உதிர்ந்துவிட்டதே, இந்த வார இறுதியில் மாப்பிள்ளை நடுக்கிளைகளை வெட்டப்போகிறார் என்றாயே, அதுதான் நெஞ்சிலேயே நிற்கிறது. வேண்டாம் அம்மா. பழம் பறித்து முடித்த பிறகு, கோடையில், மழை இல்லாத நாட்களாகப் பார்த்து வெட்டச் சொல்.

ஆப்பிள் மரத்தை இலை உதிர்ந்த குளிர்காலத்தில்தான் கவாத்து செய்வார்கள். அதே நினைப்பில்தான் நானும் என் முதல் செர்ரியை வெட்டினேன். நீ அப்போது சின்னப் பெண். குளிரிலும் ஈரத்திலும் வெட்டிய காயம் எளிதில் ஆறாது. அதற்குள் பட்டையை அழுகச் செய்யும் பாக்டீரியாவும், இலையை வெள்ளி பூசியதுபோல் ஆக்கும் பூஞ்சையும் உள்ளே நுழைந்துவிடும். இளவேனில் வந்ததும் வெட்டிய இடத்துக்குக் கீழே தேன் நிறத்தில் பிசின் வடிந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், மேலே இறுகி, உள்ளே கொழகொழவென்று இருந்தது. வெயில் பட்டு மின்னியபோது அழகாகக்கூட இருந்தது. கத்தி நுனியால் பட்டையைக் கீறினேன். பச்சையாக இருக்க வேண்டிய இடம் பழுப்பாகிக் கிடந்தது. புளித்த வாடை வந்தது. அந்தக் கிளையில் மொட்டு விரியவே இல்லை. இரண்டே ஆண்டுகளில் மரம் முழுவதும் பட்டுப்போனது. அடிமரத்தைத் தோண்டி எடுத்த நாளில் என்னால் சாப்பிட முடியவில்லை.

அது மட்டுமல்ல, மரம் மொட்டையாக நிற்கும்போது எது உயிருள்ள கிளை, எது பட்ட கிளை என்று புதியவர்களுக்குத் தெரியாது. இலை விடட்டும். விடாத கிளையில் ஒரு துணியைக் கட்டி வை. கோடையில் அதையும், ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் எடுத்தால் போதும். ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் வெட்டாதீர்கள்.

இன்னொன்று. அந்த மரம் காய்க்கிறதா என்று வீட்டை விற்றவர்களிடம் கேட்டாயா? இனிப்புச் செர்ரிகளில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தால் தான் காய்க்காது. பக்கத்தில் வேறு ரகம் ஒன்று அதே சமயத்தில் பூக்க வேண்டும், தேனீ வர வேண்டும். என் இரண்டாவது மரம் 'பிங்' ரகம். கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூக்கும். பிஞ்சு பட்டாணி அளவுகூட ஆகாமல் உதிரும். துணை வேண்டும் என்று அறிந்து 'லாம்பர்ட்' வாங்கி நட்டேன். அதுவும் பூத்தது, இதுவும் பூத்தது, பழம் மட்டும் இல்லை. பிங், லாம்பர்ட், நெப்போலியன் மூன்றும் ஒரே மகரந்தக் குழு. ஒன்றுக்கொன்று உதவாது என்பது பல ஆண்டுகள் வீணான பிறகுதான் தெரிந்தது. கடைசியில் 1968-இல் கனடாவில் வெளியிடப்பட்ட 'ஸ்டெல்லா' ரகத்தை நட்டேன். அது தனியாகவே காய்க்கும், பிங்குக்கும் மகரந்தம் தரும். நீ வாயெல்லாம் சிவக்கத் தின்ற பழங்கள் அதற்குப் பிறகு வந்தவைதான். உன் மரம் காய்க்கவில்லை என்றால் ஒரு ஸ்டெல்லா கன்று வை. புளிப்புச் செர்ரி பிடிக்குமென்றால் 'மான்ட்மரன்சி' வை; அதற்குத் துணை தேவையில்லை.

நடுமுன் ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பிப் பார். மறுநாளும் நீர் தேங்கி நின்றால் அந்த இடம் ஆகாது. செர்ரியின் வேர் சதுப்பில் அழுகிவிடும். ஒட்டுக் கட்டிய கணு மண்ணுக்கு மேலே தெரியட்டும். இடம் குறைவென்றால் 'கிசெலா 5' வேர்ச்செடியில் (வேருக்காக அடியில் வைத்து ஒட்டும் செடி) ஒட்டிய கன்றாகக் கேட்டு வாங்கு. மரம் பாதி உயரத்தில் நிற்கும், பறவைகள் பழத்தைத் தின்னாமல் வலை போடுவதும் எளிது. பழம் நிறம் மாறத் தொடங்கும் முன்பே வலையைப் போட்டுவிட வேண்டும். தளர்வாகத் தொங்கவிடாதே, பறவையின் கால் சிக்கிக்கொள்ளும்.

பழுக்கும் நாட்களில் மழை பெய்தால் தோல் வழியாகவே நீரை உறிஞ்சிப் பழம் வெடிக்கும். அதற்குப் பயந்து செங்காயாகப் பறித்துவிடாதே. பறித்த பிறகு செர்ரி பழுப்பதில்லை. ஒன்றைக் கடித்துப் பார்த்து முடிவு செய். பறிக்கும்போது காம்போடு பறி, ஆனால் காம்பு முளைத்திருக்கும் அந்தக் குட்டைக் கிளையை ஒடித்துவிடாதே. விரல் நீளம்கூட இருக்காது; பார்த்தால் காய்ந்த முண்டுபோல் தெரியும். அதுதான் பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பத் திரும்பப் பூக்கிற இடம்.

அந்தக் குட்டைக் கிளைகளை இப்போதே பார்க்கலாம். கொத்தாக, உருண்டு பருத்திருப்பவை பூமொட்டு. ஒல்லியாகக் கூர்மையாக இருப்பது இலைமொட்டு. பகல் வெளிச்சத்தில் அருகில் வைத்து நாலைந்து புகைப்படம் எடுத்து அனுப்பு. வரும் ஆண்டில் அந்த மரம் என்ன தரப்போகிறது என்று பார்த்துச் சொல்கிறேன். மாப்பிள்ளையிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு.

அன்புடன்,
அப்பா