மறுகூடல் செய்தியில் மறைந்துபோன ராக் ஆல்பங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024ஆம் ஆண்டின் நிறைவையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட இசைப் பக்கத்தில் மேற்கத்திய ராக் இசையைப் பற்றி இருந்தது ஒரே ஒரு செய்திதான். பிரிட்டனின் ஓயசிஸ் ராக் குழுவின் சகோதரர்கள் சமாதானமாகி 2025இல் மீண்டும் மேடையேறப் போகிறார்கள் என்பதும், நுழைவுச்சீட்டின் விலை விற்பனையின்போதே ஏறிக்கொண்டு போனதால் ரசிகர்கள் கொதித்தார்கள் என்பதுமே அது. செய்தியில் பிழையில்லை. ஆனால் அது ஒன்றையே ஓராண்டின் வரவாகக் காட்டினால், ராக் என்பது பழைய புகழை விற்றுப் பிழைக்கும் தொழிலாகிவிட்டது என்றுதான் வாசகர் எண்ணுவார். ஆண்டு முழுவதும் புதிய ஆல்பங்களைத் தொடர்ந்து கேட்டு வந்தவன் என்ற முறையில் இதை மறுக்க விரும்புகிறேன். நான் முதலிடங்களில் வைக்கும் மூன்று ஆல்பங்களும் அறுபது வயதைக் கடந்தவர்கள் முன்னின்று செய்தவை. அவற்றில் ஒன்றுகூடப் பழம்பெருமையின்மீது சாய்ந்து நிற்கவில்லை.

முதலாவது, பிரிட்டனின் தி க்யூர் குழு நவம்பர் 1 அன்று வெளியிட்ட ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’. 2008க்குப் பிறகு, அதாவது 16 ஆண்டுகள் கழித்து வந்த அவர்களுடைய ஆல்பம் இது. எண்பதுகளின் வெற்றிப் பாடல்களை மட்டும் பாடிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றாலே இக்குழுவுக்கு அரங்கங்கள் நிறையும். அப்படியிருந்தும் 2022இல் லாட்வியாவின் ரீகா நகரில் தொடங்கிய சுற்றுப்பயணத்திலேயே, வெளிவராத புதிய பாடல்களை ரசிகர்கள்முன் துணிந்து வாசித்துப் பக்குவப்படுத்தினார்கள். மொத்தம் எட்டே பாடல்கள். ‘அலோன்’ என்ற முதல் பாடலில் பாடகர் ராபர்ட் ஸ்மித்தின் குரல் கேட்பதற்கே மூன்று நிமிடங்களுக்குமேல் காத்திருக்க வேண்டும். பத்து நிமிடங்களைத் தாண்டும் ‘எண்ட்சாங்’ என்ற கடைசிப் பாடலிலோ அதைவிட நீண்ட காத்திருப்பு. அந்த நேரம் முழுவதும் டிரம்ஸும் சைமன் கேலப்பின் கனத்த பேஸ் கிதாரும் ஒரே நடையில் செல்ல, அவற்றின்மேல் சின்தசைசர் என்னும் மின்னணுக் கருவியின் ஒலி கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுகிறது. தம் அண்ணனின் மறைவைப் பற்றி ஸ்மித் எழுதிய ‘ஐ கேன் நெவர் சே குட்பை’ பாடலில் பியானோவின் எளிய மெட்டொன்று திரும்பத் திரும்ப வருகிறது. அழவைக்கும் உத்தி எதையும் அவர் நாடவில்லை. ‘ட்ரோன்:நோட்ரோன்’ என்ற பாடலை மட்டும் விட்டிருக்கலாம் என்பது என் கருத்து. மற்றவை கட்டிக்காக்கும் அமைதியை அது காரணமின்றிக் கலைக்கிறது. பிரிட்டனின் ஆல்பம் பட்டியலில் 1992க்குப் பிறகு இக்குழு முதலிடம் பிடித்தது இந்த ஆல்பத்தால்தான்.

அடுத்த இரண்டையும் ஸ்டீவ் அல்பினியின் பெயர் இணைக்கிறது. பிக்ஸீஸ் குழுவின் ‘சர்ஃபர் ரோசா’, நிர்வாணா குழுவின் ‘இன் யுடெரோ’ போன்றவற்றை ஒலிப்பதிவு செய்தவர் அவர். இசைக்குழுவின் விற்பனை வருமானத்தில் பதிவு செய்பவனுக்குப் பங்கு கூடாது என்று உரிமத்தொகையை மறுத்து, வேலைக்கான கூலியை மட்டும் பெற்றுக்கொண்டவர். 2024 மே 7 அன்று, 61ஆம் வயதில், மாரடைப்பால் இறந்தார். அவருடைய மூவர் குழுவான ஷெல்லாக், 2014க்குப் பிறகு முதன்முறையாகச் செய்து முடித்திருந்த ‘டு ஆல் ட்ரெய்ன்ஸ்’ ஆல்பம் பத்து நாள் கழித்து, முன்பே குறித்தபடி மே 17 அன்று வெளியானது. இதை இரங்கல் ஆல்பமாகக் கேட்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அரை மணி நேரத்துக்கும் குறைவான இதில் தகரத்தைக் கிழிப்பது போன்ற கிதாரும், கடுகடுப்பான நகைச்சுவையும், அளந்து வைத்த மௌனங்களும்தான் இருக்கின்றன. நரகத்துக்கு அஞ்சவில்லை என்று கேலியாகச் சொல்லும் பாடலோடு அது முடிவது, யாரும் திட்டமிட முடியாத தற்செயல்.

மூன்றாவது ஆல்பத்தைத் தந்த கிம் டீல், பிக்ஸீஸ் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர். பிறகு தி ப்ரீடர்ஸ் குழுவை நடத்தியவர். தம் பெயரில் மட்டும் ஓர் ஆல்பத்தை அவர் வெளியிட்டது 63ஆம் வயதில்தான். நவம்பரில் வந்த அந்த ‘நோபடி லவ்ஸ் யூ மோர்’ ஆல்பத்தின் சில பாடல்களை அல்பினியே பதிவு செய்திருக்கிறார். வயலின்களும் ஊதுகருவிகளும் திரண்டெழும் முதல் பாடலைக் கேட்டு, ராக் எங்கே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் ‘ஆர் யூ மைன்?’ வரையாவது பொறுக்க வேண்டும். மறதி நோயால் மகளையே அடையாளம் தெரியாமல் போன டீலின் தாய், வீட்டு நடையில் அவரை நிறுத்தி, “நீ என் பிள்ளையா?” என்று கேட்டதிலிருந்து பிறந்த பாடல் அது. பின்னணி தெரியாதவர்களுக்கு இனிமையான பழங்காலக் காதல் பாட்டாகவே ஒலிக்கும். இந்த ஆண்டு நான் கேட்டவற்றில் மிகத் துணிச்சலான பாட்டு அதுதான்.

இளையவர்களும் சளைக்கவில்லை. டப்ளினைச் சேர்ந்த ஃபான்டெய்ன்ஸ் டி.சி. குழுவின் ‘ரொமான்ஸ்’ ஆகஸ்ட் 23 அன்று வெளியானது. நான்கே நாள் கழித்து ஓயசிஸ் அறிவிப்பு வந்து பத்திரிகைகளின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. லண்டனின் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தில் பாடகர் க்ரியன் சாட்டனுக்கு ஏற்பட்ட பதற்றமும் மூச்சுத்திணறலுமே ‘ஸ்டார்பர்ஸ்டர்’ பாடலுக்கு வித்து. அதில் அவர் மூச்சை இழுக்கும் ஓசையே தாளத்தின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. வட கரோலைனாவின் 25 வயது எம்.ஜே. லெண்டர்மன் ‘மேனிங் ஃபயர்வொர்க்ஸ்’ ஆல்பத்தில் தோற்றுப்போன, தற்பெருமை பேசும் ஆண்களைப் பற்றிச் சிரிக்கவும் இரங்கவும் வைக்கும்படி பாடுகிறார். அதன் இறுதிப் பாடல் வார்த்தைகள் தீர்ந்த பிறகும் நெடுநேரம் வெறும் இரைச்சலாக நீள்வது எனக்குப் பிடிக்கும்; என் வீட்டாருக்குப் பிடிக்கவில்லை. அமெரிக்க கிதார் கலைஞர் ஜாக் வைட் தம் ‘நோ நேம்’ ஆல்பத்தின் பெயரில்லாத வெள்ளை உறையிட்ட இசைத்தட்டுகளை, ஜூலையில் தம் இசைத்தட்டுக் கடைகளுக்கு வந்தவர்களின் பைகளில் ஓசையின்றிப் போட்டு அனுப்பினார். உள்ளே இருந்ததும் அந்தக் குறும்புக்கு ஈடான முரட்டு ப்ளூஸ்தான்.

பேர்ல் ஜாம், கிரீன் டே ஆகிய குழுக்களின் ஆல்பங்களில் குறை சொல்ல ஏதுமில்லை; மீண்டும் கேட்கத் தூண்டவும் ஏதுமில்லை. பிங்க் ஃபிளாய்ட் குழுவில் கிதார் வாசித்த டேவிட் கில்மோரின் ‘லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்’ ஆல்பத்தை அவர் மகள் ரோமனி பாடிய ஒரு பாடலுக்காகவே வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவின் கிராமி இசை விருதின் பரிந்துரைப் பட்டியலைப் பார்த்து ஆண்டுத் தொகுப்பு எழுதும் வழக்கம் பல இதழ்களில் உண்டு. இம்முறை அதற்குத் தகுதிபெற ஆல்பம் வெளியாகியிருக்க வேண்டிய காலக்கெடு ஆகஸ்ட் 30 உடன் முடிந்துவிட்டதால், தி க்யூர், கிம் டீல், லெண்டர்மன் ஆகிய மூவரின் ஆல்பங்களுக்கும் அதில் இடம்பெற வாய்ப்பே இல்லை; 2023 அக்டோபரில் வந்த ரோலிங் ஸ்டோன்ஸ் ஆல்பமோ இருக்கிறது. ஆகவே அடுத்த ஆண்டு நிறைவுப் பக்கத்தைத் தயாரிக்கும்போது, ஜனவரி முதல் டிசம்பர் வரை வெளியான ஆல்பங்களையே கேட்டு எழுதக்கூடிய ஒருவருக்கு அரைப் பத்தியேனும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 2025இல் ஓயசிஸ் மேடையேறும்போது அந்தச் செய்திக்கு எப்படியும் தனி இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி