போர்டில இல்லாத பள்ளிக்கூடம்: பணிப்பாளர் சபைக்கு ஒரு திறந்த மடல்

பணிப்பாளர் சபையில இருக்கிற ஐயாமார், அம்மாமாருக்கு வணக்கம்.

உங்கட ஒபிஸ் வாசல்ல புதுசா மாட்டியிருக்கிற 'எங்கள் வரலாறு' போர்ட பாத்திட்டுத்தான் எழுதுறன். பள்ளிக்கூடத்திட பேர் போடல்ல, திருகோணமலை ஆக்களுக்குச் சொல்லவும் தேவல்ல. ஸ்தாபகர் படம், முதல் பில்டிங், ஸ்மார்ட் கிளாஸ் எண்டு எல்லாம் வடிவா அடிச்சிருக்கு, ஆனா உவர்மலையில ஒரு வீட்டு ஹோல்ல ரெண்டு ரீச்சர்மார் தொடங்கி, பிறகு உங்களோட சேர்ந்த எங்கட பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு வரி: "பின்னர் மற்றுமொரு நிறுவனமும் எம்முடன் இணைந்துகொண்டது." பேரே இல்ல. இத்தனைக்கும் அது உங்கடத விட மூத்தது. எங்கட பிள்ளைகள், ரீச்சர்மார், மேசை கதிரை, பழைய பியானோ எல்லாம் வேணும், ஆரம்பிச்ச வருஷம் மட்டும் வேணாமாக்கும்.

அமெரிக்காவில கனெக்டிகட்ல சோட் ரோஸ்மேரி ஹோல் எண்டு ஒரு தனியார் பள்ளிக்கூடம் இருக்கு, ஜோன் எஃப் கென்னடி 1935ல படிச்சு முடிச்ச இடம், அதால சோட் எண்ட பேர்தான் உலகத்துக்குத் தெரியும். ஆனா ரோஸ்மேரி ஹோல் எண்ட பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம்தான் முந்தினது, மேரி சோட் எண்ட அம்மா 1890ல வொலிங்ஃபோர்ட்ல தொடங்கினவ, சோட் எண்ட பெடியன்கள் பள்ளிக்கூடம் 1896லதான் வந்தது. 1900ல பெண்பிள்ளைகள் கிரினிச்சுக்குப் போய், 1971ல திரும்பி வொலிங்ஃபோர்டுக்கே வந்து, அந்தப் பத்து வருஷத்துக்குள்ளயே ரெண்டும் ஒண்டாச்சு. கென்னடி படிச்ச பக்கத்துக்குத்தான் பவர் கூட, எண்டாலும் ரெண்டு பேரையும் சேத்து வச்சு, ஆரம்பிச்ச வருஷமா 1890ஐத்தான் போடுறாங்க. காசுக்கோ செல்வாக்குக்கோ குறைஞ்ச பள்ளிக்கூடம் இல்ல அது, அவங்களுக்கு அதில வெக்கம் வரல்ல.

போர்ட் விஷயம் எண்டா நானும் முணுமுணுத்திட்டு விட்டிருப்பன். என்னோட படிச்ச ஒராள் கனடாவில, அங்க ஒரு கோர்ஸுக்கு விடுகைப் பத்திரம் கேட்டு எழுதினதுக்கு "அந்த ரெக்கோர்ட்ஸ் எங்களிட்ட இல்ல" எண்டு பதில் வந்திருக்கு, அப்ப சேரேக்க ஒப்படைச்ச இடாப்பு எல்லாம் எங்க போனது? இலங்கையில 1960, 1961 சட்டங்களோட அரசாங்கம் உதவி பெற்ற பள்ளிக்கூடங்கள எடுத்து, புதுசா தனியார் பள்ளிக்கூடம் தொடங்கிற வழியையும் அடைச்சது, அதாலதான் 1977க்குப் பிறகு வந்த இங்கிலிஷ் மீடியம் பள்ளிக்கூடங்கள் கம்பனியாப் பதிஞ்சு நடக்குது. அரசாங்கப் பள்ளிக்கூடம் எண்டா வலயக் கல்விப் பணிமனையில போய்க் கேக்கலாம். எங்களுக்கு உங்கட அலுமாரிதான் பணிமனை. அதில இல்லாட்டி நாங்க படிச்சதுக்கே சாட்சி இல்ல.

கோர்ட் கேஸ் எண்டெல்லாம் ஒருத்தரும் வெளிக்கிடல்ல (ஒண்டு ரெண்டு பேர் கதைச்சவங்க, மறைக்க ஏன்). அந்த ஸ்டோர் ரூம ஒருக்கா திறந்து இடாப்பும் அனுமதிப் பதிவேடும் இருக்கா எண்டு பாருங்க, கறையான் அரிச்ச மிச்சம் இருந்தாலும் பரவால்ல, ஸ்கான் பண்ணுற செலவு எங்கட. போர்ட திருப்பி அடிக்கேக்க அந்த ரெண்டு ரீச்சர்மாரிட பேரையும் படத்தையும் போடுங்க, குரூப் போட்டோக்கள் எங்களிட்ட இருக்கு. பரிசளிப்பு விழா மலர் அச்சுக்குப் போக முந்தி ஒரு பதில் அனுப்புங்க, எழுத்தில.

இப்படிக்கு,
உவர்மலை வீட்டில படிச்ச பழைய மாணவி ஒருத்தி