கூட்டத்தில் சிரிக்காமல் இருந்தவருக்காக ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

குழுத் தலைவராகிவிட்டாய், மகிழ்ச்சி. முதல் கூட்டத்திலேயே குறை சொல்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. தாமதத்துக்கு ஒருவர் சொன்ன காரணத்தை ‘நொண்டிச் சாக்கு’ என்றாய். வாடிக்கையாளரிடம் பேசியதைச் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்றாய். கோப்புகளை ஒழுங்காக அடுக்கி வைப்பவருக்கு ‘ஓசிடி’ என்று ஒரு மனநோயின் பெயரைப் பட்டமாகக் கொடுத்தாய். அநேகமாக எல்லோரும் சிரித்தார்கள். யாரையும் புண்படுத்தும் எண்ணம் உனக்கு இல்லை, தெரியும்.

என் கவலை வேறு. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வேலைக்கு வருபவர் அந்த அறையில் இருந்திருக்கலாம், பார்த்தால் தெரியாது. நாளைக்கு மருத்துவரைப் பார்க்க அவருக்கு அரைநாள் விடுப்பு வேண்டும். உன்னிடம் உண்மையைச் சொல்வாரா? வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஓசிடி என்பது மேசைச் சுத்தம் அல்ல. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, பூட்டிய கதவையே மறுபடி மறுபடி இழுத்துப் பார்க்கவைத்து, மணிக்கணக்கில் நேரத்தைத் தின்னும் நோய் அது. காலையில் சிரித்து மாலையில் சிடுசிடுக்கும் மேலாளரை ‘பைபோலார்’ என்பதும் இதே ரகம்தான். பைபோலார் என்பது மனநிலை மிதமிஞ்சி ஏறியும் இறங்கியும் போகும் நோய். அதன் ஏற்ற இறக்கங்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிப்பவை.

சொல்லை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்பாய். ஜப்பானில் ஸ்கிசோஃப்ரீனியா என்னும் மனநோய்க்கு ‘மனம் பிளந்த நோய்’ என்று பொருள்படும் பெயர் இருந்தது. நோயாளியிடம் அதை உச்சரிக்க மருத்துவர்களே தயங்கினார்கள். நோயாளிகளின் குடும்பத்தார் அமைப்பு கேட்டுக்கொண்டதை ஏற்று, 2002-இல் பெயரை மாற்றினார்கள். அதன்பின், நோய் இன்னதென்று நோயாளியிடமே சொல்லும் மருத்துவர்கள் அதிகமானார்கள்.

அதற்காகத் தேன் தடவியும் பேசாதே. சக்கர நாற்காலியில் வருபவர் அலுவலகம் வந்து சேர்வதையே சாதனை என்று கைதட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவர் வேலை பார்க்க வந்திருக்கிறார். ‘பார்வையற்ற நம் கணக்காளர்’ என்று அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இருப்பதில்லை. கணக்காளர் என்றால் போதும். குறிப்பிட்டே ஆக வேண்டிய இடத்தில், எப்படிச் சொல்லட்டும் என்று அவரிடமே கேள். காது கேளாதோர் சிலர் கேளாமையைத் தங்கள் அடையாளமாகவே முன்வைப்பார்கள். வேறு சிலருக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

இந்த வாரமே ஒன்று செய். விடுப்பு விண்ணப்பத்தில் ‘மருத்துவம்’ என்று மட்டும் எழுதினால் போதும், மேற்கொண்டு கேட்க மாட்டேன் என்று குழுவிடம் சொல்லிவிடு. சொன்னபடியே, காரணம் எதுவும் விசாரிக்காமலும் இரு.

அன்புடன்,
அண்ணன்